உப்பில் ஊறிய பாதங்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது சன்னல் வழியே வெண்ணிறக் குவியல்களைக் கண்டு வியப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வியக்கத்தக்க காட்சிதான். வானத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு கட்டங்கட்டமாகப் பரந்து கிடக்கும் நீர். வரப்புகளின் மேல் உப்புக் குவியல்கள். அப்பால் 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி. பேருந்து சில நிமிடங்களில் அதனைக் கடந்துவிடும். இக்கடற்கரையின் பங்கு ஒன்றுக்கு மேய்ப்பனாக அனுப்பப்பட்ட நானும், உள்ளதைச் சொல்வதானால், முதல் இரண்டு ஆண்டுகள் பேருந்துப் பயணியாகவே இருந்தேன். உப்பளத்தைப் பார்த்தேன்; உப்பளத்தில் நிற்கும் கால்களைப் பார்க்கவில்லை. அவற்றைப் பார்க்க வைத்தவர் ஒரு விதவைத் தாய். அவர் எனக்குக் கற்பித்த பாடத்தையே இங்கே எழுத முற்படுகிறேன்.

முதலில் உப்பு விளையும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் பின்னால் நான் சொல்லப்போவது விளங்காது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை, மாசி மாதங்களில், பாத்திகளில் தேங்கிய மழைநீரை இறைத்துச் சேற்றை வாரி அப்புறப்படுத்துவர். பின்னர்த் தரையைச் சமன் செய்து, வெறுங்காலால் மிதிப்பர். நாள்தோறும் வரிசையாக நின்று, அடிமேல் அடி வைத்து, களிமண் இறுகித் தளம்போல் ஆகும்வரை மிதிக்க வேண்டும். தளம் இறுகாவிட்டால் உப்பில் மண் ஏறிவிடும். கழிமுகத்து உவர்நீரையும் கிணற்று உவர்நீரையும் முதல் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, அடுத்த பாத்திக்கும் அதற்கடுத்த பாத்திக்கும் கடத்துவர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்த நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகிப் போன பின்னரே நாம் உண்ணும் உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்னே சுண்ணாம்பும் சிப்சமும் படிந்துவிடும். உப்பு படிந்த பின் எஞ்சும் நீர் கசப்பானது. மக்னீசிய உப்புகள் நிறைந்தது. அதனை உரிய நேரத்தில் வடித்துவிடாவிட்டால் விளைந்த உப்பும் கசந்துபோகும். முன்னும் அன்று, பின்னும் அன்று. நடுவே ஒரு குறுகிய வேளையில் உப்பு பிறக்கிறது. கருவி கொண்டு அளப்போர் 25 பாகை பௌமே என்பர். எம் மக்களோ நீரின் நிறத்தைப் பார்த்தும், விரலால் தொட்டு நாவில் வைத்தும், கணுக்காலில் படும் சூட்டைக் கொண்டுமே அவ்வேளையை அறிந்துவிடுகின்றனர்.

விளைந்த உப்பை நீண்ட கழியில் பொருத்திய பலகையால் ஆண்கள் வாருவர். பெண்கள் அதனைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவர். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டி, விடியலுக்கு வெகு நேரம் முன்பே களத்தில் இறங்கிவிடுவர். ஐப்பசி மழை வந்து பாத்திகளை மூழ்கடிக்கும்வரை இவ்வாறே நடக்கும். மழைக்காலத்தில் வேலை கிடையாது. (2022ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் அந்த மாதங்களில் வட்டிக்கடன்தான் அவர்களுக்குப் பருவமழை.)

இவ்வூரில் இத்தொழில் நேற்று வந்ததன்று. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். உப்பு வண்டி ஓட்டிய உமணரைச் சங்கப் புலவர் பலர் பாடியுள்ளனர். அவர்கள் பாடியது பெரும்பாலும் வண்டியையும் காளையையும் உமணர் மகளின் அழகையும்தான். பாத்தியை மிதித்தவரின் பாதத்தைப் பாடியதாக எனக்கு நினைவில்லை. புலவர்களும் பேருந்துப் பயணிகளே போலும்!

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் அதிகாலை எம் பங்கைச் சேர்ந்த உப்பளத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். பதினான்கு வயதில் களத்தில் இறங்கியவர். விடியற்காலை வேலைக்குச் சென்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் அமர்ந்தார், மீண்டும் எழவில்லை. செய்தி கேட்டு நான் வீட்டை அடைந்தபோது உடலைக் கழுவிக் கிடத்தியிருந்தனர். அவருடைய துணைவியார் கணவரின் காலடியில் அமர்ந்து, ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு, அப்பாதங்களில் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். அழுகை ஓய்ந்திருந்த நேரம் அது. நான் செபம் சொல்ல நின்ற இடத்திலிருந்து அப்பாதங்கள் நன்றாகத் தெரிந்தன. குதிகால் முழுவதும் வெடிப்புகள். வெடிப்புகளின் உட்புறம் வெள்ளை படிந்திருந்தது. விரல்களின் இடுக்கில் ஆறாத புண்கள். தோல், கருவாட்டின் மேற்புறம்போல் தடித்து இறுகியிருந்தது. எத்தனை முறை கழுவினாலும் போகாத வெண்மை அது. சற்று நேரம் பார்த்துவிட்டுக் கண்களை எடுத்துக்கொண்டேன்.

திருப்பூரில் வேலை செய்யும் மகன் மாலையில் வந்து சேர்ந்தார். எம் கல்லறைத் தோட்டம் சிறியது. மழைக்காலத்தில் மூன்றடி தோண்டினாலே நீர் ஊறிவிடும். ஆகவே அவர் என்னைத் தனியே அழைத்து, "ஃபாதர், எரிச்சிட்டு சாம்பலைக் கடல்ல கரைச்சிடலாமா? நம்ம சபையில இப்ப ஒத்துக்கிறாங்கன்னு சொல்றாங்களே" என்று கேட்டார். அவர் கேட்டதில் பாதி சரி. 1963ஆம் ஆண்டிலேயே திருச்சபை உடலை எரியூட்டுவதற்கு இருந்த தடையைத் தளர்த்தியது; உயிர்ப்பில் நம்பிக்கையை மறுப்பதற்காக அவ்வாறு செய்யாதவரை அதில் குற்றமில்லை. ஆயினும் சாம்பலைக் காற்றிலோ நீரிலோ கரைப்பது கூடாது, வீட்டில் வைப்பதும் முறையன்று, புனிதமான இடத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்த உரோமை அறிவுரை கூறுகிறது. நான் இதனை விளக்கிக்கொண்டிருக்கையில் உள்ளிருந்து தாயின் குரல் வந்தது.

"எரிக்க வேணாம்ப்பா. அந்தக் காலு வேகாது. மறுபடியும் கட்டை அடுக்கி ரெண்டாவது வாட்டி நெருப்பு வெக்கச் சொல்லுவாங்க. என் கண்ணால பாத்திருக்கேன் நானு. வேணாம்."

உப்பளத்தில் உழைத்தவரின் பாதங்கள் சிதையில் எளிதில் எரிவதில்லை என்பது உப்பு விளையும் ஊர்களில் பரவலாக வழங்கும் பேச்சு. குசராத்தின் கட்ச் பகுதியில், சிறிய ரண் பாலையில் உப்பெடுக்கும் அகாரியா மக்களைப் பற்றியும் இதே செய்தி சொல்லப்படுகிறது. எரியாது எஞ்சிய பாதங்களைத் தனியே எடுத்து உப்பிட்டுப் புதைப்பார்கள் என்பர். இதனை நான் உடற்கூற்றுப் பாடமாக எழுதவில்லை. மக்களின் நாவில் உள்ளதாகவே எழுதுகிறேன். ஆனால் அந்தத் தாய் அதைச் சொன்ன விதத்தில் அச்சமோ அருவருப்போ இல்லை. கணவரின் உடலில் ஒரு பகுதியை இன்னொரு முறை நெருப்புக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவே.

அடக்கத் திருப்பலியில் நான் மறையுரை ஆற்றினேன். இங்கேதான் என் பிழை. பல ஆண்டுகளாக எல்லா இறப்புகளிலும் நான் ஆற்றிவரும் அதே உரை. உடல் என்பது வாடகை வீடு. குத்தகைக் காலம் முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதே. ஆன்மா என்ற குடியிருப்பாளர் நிலையான இல்லம் நோக்கிச் சென்றுவிட்டார். வெறும் வீட்டைப் பார்த்து நாம் அழுவதேன்? தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் கூடாரத்தின் உவமையைக் கையாள்வதையும் எடுத்துக்காட்டினேன். வள்ளுவரையும் துணைக்கழைத்தேன். நிலையாமை அதிகாரத்தில் அவர், உயிரை உடம்புக்குள் ஒதுங்கியிருக்கும் விருந்தாளியாகவும், உறையைத் தனியே விட்டுப் பறந்துபோகும் பறவையாகவும் உவமிக்கிறார் அல்லவா? உரை நன்றாக அமைந்தது என்றே எண்ணினேன். சிலர் பாராட்டவும் செய்தனர்.

ஏழாம் நாள் மன்றாட்டுக்காக அவ்வீட்டுக்குச் சென்றிருந்தேன். எல்லாம் முடிந்து தேநீர் கொடுத்தபின் அந்தத் தாய் சற்றுத் தயங்கி நின்றார்.

"சாமி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கம்மா."

"பூசையில ஒடம்பு வாடகை வீடுன்னு சொன்னீங்க. முப்பத்தெட்டு வருசமா அந்தக் காலுக்கு நான்தான் சாமி எண்ணெ தடவினேன். ராத்திரி எரிச்சல் தாங்காம முனகுவாரு. அது அவரு இருந்த வீடு இல்ல சாமி. அதான் அவரு."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நினைவில் வைக்கத் தக்கதாக அது இருந்திராது. பங்கு இல்லத்துக்குத் திரும்பி விவிலியத்தை எடுத்துப் பவுலின் அதே பகுதியை மீண்டும் வாசித்தேன். கூடாரம் கலைவதைக் கூறும் முதல் வசனத்தைத்தான் நான் பயன்படுத்தியிருந்தேன். நான்காம் வசனத்தில் அவர் வேறொன்று சொல்கிறார்: ஆடை களையப்பட்டவராய் நிற்க நாம் விரும்பவில்லை, இருக்கும் ஆடைக்கு மேல் இன்னொன்றை அணிந்துகொள்ளவே ஏங்குகிறோம், சாவுக்கு உரியதை வாழ்வு விழுங்க வேண்டும் என்கிறார். உடலைக் களைவதன்று, உடலுக்கு உடுத்துவதே பவுலின் ஏக்கம். பாதிப் பகுதியை வாசித்து முழு உரை ஆற்றியிருக்கிறேன்! எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணி மீதிப் பாதியை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டார்.

எனக்கு இது தெரியாததன்று என்பதுதான் வெட்கத்துக்குரியது. பெங்களூருக் குருமடத்தில் இரண்டு பருவங்கள் இதைப் படித்தவன் நான். ஆன்மா உடலுக்குள் வைக்கப்பட்ட ஒரு பொருளன்று. உடலை உடலாக ஆக்கும் வடிவமே ஆன்மா என்பது அக்குயினா தோமாவின் போதனை. 1311-1312இல் கூடிய வியேன் பொதுச்சங்கம் இதனை உறுதி செய்தது. ஆன்மா அழியாதது, அது ஒவ்வொருவருக்கும் உரியது என்பதை 1513இல் ஐந்தாம் இலாத்தரான் சங்கம் வரையறுத்தது. 1606இல் மதுரைக்கு வந்து 1656இல் மயிலாப்பூரில் மறைந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி, 'ஆத்தும நிர்ணயம்' என்று ஒரு நூலையே தமிழில் எழுதினார். தேர்வில் இவற்றையெல்லாம் குறைவின்றி எழுதி மதிப்பெண் பெற்றேன். பின் ஊருக்குள் வந்து, கல்லறைக் குழியின் ஓரத்தில் நின்று, பிளேட்டோவைப் போதித்துக்கொண்டிருந்தேன். நம் குருக்கள் பலரும் என்னோடு இதில் பங்குடையவர்கள் என்று ஐயுறுகிறேன். துக்க வீட்டில் எளிதாகச் சொல்லவும் கேட்கவும் ஏற்றது வாடகை வீட்டுக் கதைதான். ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்திலோ ஆன்மாவின் அழியாமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முன்னோர் 'சரீர உத்தானம்' என்று சொன்ன உடலின் உயிர்ப்பே அங்கு உள்ளது.

நம் தமிழ் மொழியே இதனை நமக்குச் சொல்லித்தந்திருக்கிறது. உடலுக்கு 'மெய்' என்று பெயரிட்ட மொழி இது. உண்மைக்கும் அதே பெயர். உயிரெழுத்து தனித்து ஒலிக்கும். மெய்யெழுத்து உயிரின்றி இயங்காது. ஆயினும் பன்னிரண்டு உயிரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் எத்தனை சொற்களைப் பேசிவிட முடியும்? உயிரும் மெய்யும் கூடிய 216 எழுத்துகள் இருப்பதால் அன்றோ அம்மா என்றும் அப்பா என்றும் அழைக்க முடிகிறது! இறப்பில் பிரிந்த ஆன்மா வாழ்கிறது என்பது நம் நம்பிக்கை. ஆனால் அக்குயினாரின் துணிவான கூற்றின்படி, அந்த ஆன்மா மட்டும் முழு மனிதன் அன்று. அது தன் மெய்யை எதிர்நோக்கி நிற்கும் உயிர்.

திருமூலரும் முதலில் உடலை இழுக்கென்று எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே உறுபொருளைக் கண்டு பேணத் தொடங்கியதாகப் பாடுகிறார். உடலை இகழ்ந்து பாடிய பட்டினத்தார்கூடத் தம் தாயின் உடலுக்குத் தீ மூட்டும்போது உருகிவிடுகிறார். இகழ்ந்த நாவையே தாயின் உடல் உருக்கிவிட்டது. வள்ளுவர் நிலையாமையைச் சொன்னார். நிலையாததைப் பற்றி அழாதே என்று அவர் சொல்லவில்லை. அதைச் சேர்த்துக்கொண்டவன் நான்.

உப்பளத்து ஊரில் வாழ்பவனுக்கு இன்னும் ஒரு சிந்தனை எழாமல் இராது. உப்பையும் ஆன்மாவையும் இணைத்துப் பேசும் மரபு இந்நாட்டில் மிகப் பழமையானது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை இரவில் நீரில் உப்பை இடச் சொல்கிறார். காலையில் அந்த உப்பை எடுத்துவரச் சொல்கிறார். அது அகப்படவில்லை. மேலும் நடுவிலும் அடியிலும் சுவைத்தால் எங்கும் உப்பு. கண்ணுக்குப் புலப்படாமல் எங்கும் நிறைந்த பொருளை அவ்வாறு உணர்த்துகிறார் அத்தந்தை. இராமகிருஷ்ண பரமஹம்சர், கடலின் ஆழத்தை அளக்கப் போய்க் கரைந்துவிட்ட உப்புப் பொம்மையின் கதையைச் சொல்வாராம். இரண்டும் ஆழமானவை, பல உள்ளங்களுக்கு அமைதி தந்தவை. அவற்றோடு வழக்காட நான் வரவில்லை. ஆனால் மரக்காணத்தில் நாள்தோறும் நிகழ்வது அக்கதையின் மறுபுறம். இங்கே கடல் உப்பைக் கரைத்துக்கொள்வதில்லை. கரைந்து உருத்தெரியாமல் கிடந்ததைக் கதிரவன் கடலிலிருந்து மீட்கிறான். அதுவும் ஓரமும் மூலையும் கொண்ட கனசதுரமாக, கையில் எடுத்தால் உறுத்தும் பருமையோடு மீட்கிறான். கிறிஸ்தவன் உயிர்ப்பைப் பற்றி நினைக்க வேண்டுமானால், கரையும் பொம்மையைவிடப் பாத்தியில் விளையும் பரல் அவனுக்கு நெருக்கமானது.

இவ்வுவமைக்கும் எல்லை உண்டு. ஒரு உப்புப் பரலுக்கும் மற்றொரு பரலுக்கும் வேறுபாடு இல்லை. களத்தில் குவிந்தபின் எது எந்தப் பாத்தியில் விளைந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. அந்தத் தாயோ ஆயிரம் பாதங்களுக்கு நடுவே தம் கணவரின் பாதத்தைக் கண்களை மூடிக்கொண்டும் தொட்டு அறிந்துவிடுவார். அந்த அடையாளம் எதனால் ஆனது? தோலினாலா? மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிவிடுகிறது. நாற்பத்தாறு ஆண்டுகளில் அப்பாதங்களின் தோல் எத்தனை நூறு முறை மாறியிருக்கும்! ஆயினும் வெடிப்பு அதே இடத்தில், அதே வளைவோடு இருந்தது. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் இதைக் கண்டார். உடலை ஆறு என்று சொன்னாலும் தகும். நீர் ஓடிக்கொண்டே இருக்கும், வடிவமே நிலைக்கும் என்பது அவர் கருத்து. அக்குயினார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். ஒவ்வோர் ஆன்மாவும் தனக்குரிய உடலுக்கென அளவு கொண்டது. உடலை விட்டுப் பிரிந்த பின்னும் அந்த அளவு அதைவிட்டு நீங்குவதில்லை என்கிறார். அப்படியானால், நாற்பத்தாறு ஆண்டுகள் உவர்நீரில் நின்ற கால்களுக்கென அளவான ஓர் ஆன்மா இப்போது இறைவன் முன் நிற்கிறது. அது என் ஆன்மாவைப் போன்ற, செருப்பணிந்த ஆன்மா அன்று.

உயிர்த்த ஆண்டவரின் கைகளிலும் விலாவிலும் காயங்கள் இருந்தன என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. சாவை வென்ற உடலில் சாவின் தழும்பு ஏன்? நம் மண்ணுக்கு நற்செய்தி கொணர்ந்தவராகப் போற்றப்படும் தோமா, தொடாமல் நம்பமாட்டேன் என்று பிடிவாதம் செய்தது அத்தழும்புகளுக்காகவே. அவருடைய கல்லறை இதே கடற்கரையில், இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், சாந்தோமில் இருக்கிறது. ஒருவரை அவருடைய காயத்தைக் கொண்டு அடையாளம் காண விரும்பிய அத்திருத்தூதரை நாம் 'சந்தேகத் தோமா' என்று எள்ளுகிறோம். உப்பளத் தொழிலாளியின் மனைவி அவரைப் புரிந்துகொள்வார் என்று தோன்றுகிறது. மறைசாட்சியரின் உயிர்த்த உடல்களிலும் அவர்கள் பட்ட காயங்களின் தழும்புகளைக் காண்போம். அவை குறையாக அல்ல, மாண்பாக விளங்கும் என்று தூய அகுஸ்தீனார் தம் 'இறைவனின் நகரம்' என்ற நூலின் இருபத்திரண்டாம் பகுதியில் எதிர்பார்க்கிறார். அவர் மறைசாட்சியரை எண்ணி எழுதினார். பாத்தி மிதித்தோரையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ள அவர் மறுக்கமாட்டார் என்பது என் துணிபு.

ஆயினும் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். வெடித்த பாதங்களை மாண்பு என்று நான் எழுதும் வேளையில், நாளை விடியலிலும் சிலர் வெறுங்காலோடு உவர்நீரில் இறங்கப்போகின்றனர். காலணியும் கண்ணாடியும் நிழற்கூரையும் குடிநீரும் அவர்களுக்குத் தேவை. உடல் வாடகை வீடுதான் என்று போதிக்கும் சமயம், கூரை ஒழுகினாலும் கவலைப்படாது. உடல் உயிர்க்கும் என்று நம்பும் சமயத்துக்கு அவ்வாறு வாளாவிருக்க உரிமை இல்லை. மறையுரையில் நான் செய்த பிழை வெறும் இறையியல் பிழை அன்று என்பதை இப்போது உணர்கிறேன்.

எசேக்கியேல் இறைவாக்கினர் நூலில் நாற்பத்தேழாம் அதிகாரத்தை நினைவுகூர்கிறேன். கோவிலிலிருந்து புறப்படும் ஆறு உவர்க்கடலையே நன்னீராக்குகிறது. கரையெங்கும் மரங்கள் தழைக்கின்றன. ஆனால் சதுப்பு நிலங்களும் சேற்றுப் பகுதிகளும் மட்டும் நன்னீராகாமல், உப்புக்கென விடப்படும் என்கிறது பதினோராம் வசனம். குருமடத்தில் அதனைச் சாபம் என்றே கருதியிருந்தேன். இக்கழிமுகத்துக்கு வந்து சில ஆண்டுகள் வாழ்ந்தபின், அதில் ஒரு பரிவைக் காண்கிறேன். எல்லாம் நலம் பெறும் அந்நாளிலும் உப்பெடுப்போரின் நிலத்தை ஆண்டவர் மறக்கவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. மரக்காணத்து உப்பளங்கள் ஒரே ஏரியாயின. மேட்டில் குவித்துக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிவைத்திருந்த உப்பும் கரைந்தோடியது. இராமகிருஷ்ணரின் பொம்மைக் கதை அன்று எங்கள் கண்முன்னே நடந்தது. தண்ணீர் வடிந்தபின் வீடு வீடாகச் சென்றோம். அந்தத் தாயின் வீட்டிலும் முழங்காலளவு நீர் நின்றிருந்தது. அரிசியும் துணிமணியும் நனைந்துவிட்டன. பரண்மேல் ஒரு மண்பானை மட்டும் பத்திரமாக இருந்தது.

"அதுல என்னம்மா?"

"உப்பு சாமி. அவரு கடைசியா வாரினது. ஆடி மாசம் வீட்டுக்குன்னு கொண்டாந்து போட்டாரு. தெனம் குழம்புக்கு அதத்தான் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிறேன்."

நாடெங்கும் 2006 முதல், அயோடின் கலவாத உப்பை உண்பதற்கென விற்கக் கூடாது என்பது சட்டம். நல்ல காரணத்துக்காக இயற்றப்பட்ட சட்டம். நானும் கூட்டங்களில் அதை எடுத்துச் சொல்வதுண்டு. அன்று சொல்லவில்லை. அது விற்கப்பட்ட உப்பன்று.

உப்போடு எனக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு கணக்கு உண்டு. 1969இல் புதிய சடங்குமுறை வெளிவருமுன், திருமுழுக்கின்போது குழந்தையின் நாவில் குருவானவர் ஒரு துளி உப்பை வைப்பார். என் அண்ணனுக்கும் அக்காவுக்கும் அவ்வாறு வைத்தார்கள். பின்னர்ப் பிறந்த எனக்கு வைக்கவில்லை. வீட்டில் எவரேனும் என்னை ஏசி நான் பதில் பேசாமல் நின்றால், "இவனுக்கு ஞானஸ்நானத்துல உப்பு வெக்கல, அதான் ரோசம் வரல" என்பார் என் அம்மா. ஆனால் தீர்த்தம் மந்திரிக்கும் சடங்கில், நீரோடு உப்பைக் கலக்கும் வழக்கம் உள்ள இடங்களில் அதனைத் தொடரலாம் என்று திருப்பலி நூல் இன்றும் இடமளிக்கிறது. எம் பங்கில் அவ்வழக்கம் உண்டு. உப்பளத்தின் நடுவே வாழ்ந்துகொண்டு, அதற்கான உப்பை இத்தனை ஆண்டுகளாகக் கடையில் பொட்டலமாக வாங்கிக்கொண்டிருந்தேன்.

2025ஆம் ஆண்டு பாஸ்காக் காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குச் சென்று, மறுநாள் தீர்த்தத்துக்கு அந்தப் பானையிலிருந்து ஒரு கைப்பிடி உப்பு தர இயலுமா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பரணிலிருந்து பானையை இறக்கி உள்ளே பார்த்தார். கையை விட்டு அளைந்தார். பிறகு கைப்பிடியில் பாதி அளவு எடுத்து, தம் கணவரின் பழைய துண்டிலிருந்து கிழித்த ஒரு துணியில் முடிந்து, என் கையில் கொடுத்தார்.

"இவ்ளோ போதுமில்ல சாமி? ஆனி வரைக்கும் குழம்புக்கு வேணும்."